பல்கலைக்கழகத்தில் பணியிடப் பாதுகாப்பு: பொறுப்பேற்ற நாளிலிருந்து வரிசைப்படி செய்ய வேண்டியவை

பல்கலைக்கழகங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் பதவி பெரும்பாலும் கூடுதல் பொறுப்பாகத்தான் வருகிறது. வேதியியல் துறைப் பேராசிரியர் ஒருவருக்கோ பொறியியல் பிரிவின் உதவிச் செயற்பொறியாளருக்கோ ஒரு பக்க ஆணை வரும். என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்காது. அப்படி ஆணை கிடைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிவியல் துறைகள், பணிமனை, விடுதிகள், உணவுக்கூடம் ஆகியவை உள்ள, தமிழ்நாட்டின் நடுத்தர அளவுப் பல்கலைக்கழகம் ஒன்றை மனதில் வைத்திருக்கிறேன்.

புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் அநேகமாகச் சுவரொட்டி, உறுதிமொழி, ஒருநாள் பயிலரங்கம் என்றுதான் தொடங்குகிறார்கள். அவை எளிதானவை, படமும் எடுக்கலாம். ஆனால் பயிலரங்கம் முடிந்த மறுநாளும் சங்கிலி கட்டாத சிலிண்டர் அதே இடத்தில்தான் நிற்கும். அதை நகர்த்தும் அதிகாரமோ பணமோ எவரிடமும் இல்லை என்பதே காரணம். வரிசை மாறினால் உழைப்பு வீணாகிறது. அதனால் கீழே உள்ள படிகளை அதே ஒழுங்கில் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வளாகத்தின் கட்டட வரைபடம், ஒவ்வொரு துறையின் இருப்புப் பதிவேடு, நடப்பிலுள்ள ஒப்பந்தங்களின் நகல் (துப்புரவு, காவல், மின்பராமரிப்பு, உணவுக்கூடம்), சுகாதார மையத்தின் கடந்த மூன்றாண்டுப் புறநோயாளிப் பதிவேடு.

கடைசியாகச் சொன்னதைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். விபத்துப் பதிவேடு காலியாக இருக்கும் வளாகத்திலும், “கையில் அமிலம் பட்டது”, “கிரைண்டரில் விரல்”, “ஏணியிலிருந்து விழுந்தார்” என்று மருத்துவர் எழுதிய வரிகள் அங்கே இருக்கும். நோயாளிகளின் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. தேதி, இடம், காயம் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எழுத்தில் அதிகாரம் வாங்குங்கள்

துணைவேந்தர் அல்லது பதிவாளர் கையொப்பத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும். உடனடி ஆபத்து தெரிந்தால் எந்த வேலையையும் அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரம். சிறு திருத்தங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி இல்லாமல் செலவிடக்கூடிய ஒரு தொகை. எந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல்.

மூன்றாவதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் பேராசிரியருடையது, சுவரும் மின்கம்பியும் பொறியியல் பிரிவுடையவை, துப்புரவு செய்பவர் ஒப்பந்ததாரரின் ஆள், மாணவர் யாருடைய ஊழியரும் இல்லை. ஒரு விபத்து நடந்தால் நால்வரும் மற்ற மூவரைக் காட்டுவார்கள். ஆய்வகத்துக்குள் நடக்கும் வேலைக்கு ஆய்வுக்குழுத் தலைவர், பொது ஆய்வகங்களுக்கும் கிடங்குக்கும் துறைத்தலைவர், கட்டடத்துக்கும் மின்சாரத்துக்கும் செயற்பொறியாளர், விடுதிக்கு விடுதிக் காப்பாளர் என்று பதவியின் பெயரால் எழுதி வாங்குங்கள். ஆளின் பெயரால் எழுதினால் மாற்றலில் பட்டியல் செத்துப்போகும்.

யாருக்கும் சொந்தமில்லாத இடங்களைத் தேடிச் சேர்க்க மறக்காதீர்கள். வராண்டா, மொட்டை மாடி, படிக்கட்டுக்கு அடியிலுள்ள இடம், இரு துறைகள் பங்கிடும் கருவி அறை ஆகியவையே அவை. பழைய மேசைகளும் காலி அமிலப் புட்டிகளும் போய்ச் சேருவது அங்கேதான்.

2. யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுங்கள்

சம்பளப் பட்டியலை வைத்துக் கணக்கெடுத்தால் பாதிப் பேர் விடுபடுவார்கள். முழுநேர ஆராய்ச்சி மாணவர்கள், திட்ட உதவியாளர்கள், கோடை விடுமுறையில் பயிற்சிக்கு வரும் பிற கல்லூரி மாணவர்கள், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், தோட்டப் பணியாளர்கள், உணவுக்கூடச் சமையலர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், வளாகத்துக்குள் இடம் பெற்ற தொடக்க நிறுவனங்களின் (ஸ்டார்ட்அப்) ஊழியர்கள் எல்லோரும் பட்டியலில் வர வேண்டும்.

2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் நடந்த வெடிப்பில் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். ஹைட்ரஜன் சிலிண்டரே காரணமாக இருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. இறந்தவரும் காயமடைந்தவர்களும் அந்த வளாகத்தில் இயங்கிய ஒரு தொடக்க நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். “அவர்கள் நம் ஆட்கள் இல்லை” என்ற பேச்சுக்கு உங்கள் பட்டியலில் இடமே கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒப்பந்ததாரர் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கட்டுகிறாரா என்று ரசீதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். வாய்ச்சொல் போதாது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு இஎஸ்ஐ கிடையாது. அவர்களுக்கென்று குழு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த ஆட்சிமன்றக் கூட்டத்துக்கு முதல் குறிப்பாக அதை அனுப்புங்கள். தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மாணவருக்காக நண்பர்கள் உண்டியல் குலுக்கும் நிலை வரவே கூடாது.

3. நடந்து பாருங்கள்

இதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். துறைத்தலைவரோடு ஒருமுறை போவது மரியாதைக்கு. உண்மை தெரிய, ஆய்வக உதவியாளரோடும் தூய்மைப் பணியாளரோடும் தனித்தனியே போங்கள். எந்தப் புட்டியைத் தொடப் பயம், எந்த சுவிட்ச் ஷாக் அடிக்கும், எந்தக் கதவு திறக்காது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

“இங்கே பாதுகாப்பு எப்படி?” என்று கேட்டால் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்றுதான் பதில் வரும். “இந்த அறையில் உங்களுக்குச் செய்யப் பிடிக்காத வேலை எது?” என்று கேளுங்கள். “கடைசியாக இங்கே யாருக்கு அடிபட்டது?” என்றும் கேளுங்கள்.

பகலில் ஒருமுறை, இரவு 10 மணிக்கு மேல் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போங்கள். ஆராய்ச்சி நடப்பதில் பெரும்பகுதி அலுவலக நேரத்துக்கு வெளியேதான். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவி ஒருவர் இரவில் தனியாகக் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தபோது தலைமுடி சிக்கி இறந்தார். இயந்திரத்தை நிறுத்தப் பக்கத்தில் ஆளில்லை.

ஒரு ஃபியூம் ஹூட்டை, அதாவது நச்சு ஆவியை விசிறியால் உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவுக் கூண்டை, மட்டும் நிதானமாகப் பாருங்கள். அதன் நிலை ஆய்வகத்தின் நிலையைச் சொல்லிவிடும். உள்ளே பத்துப் பதினைந்து புட்டிகளை நிரப்பி வைத்திருப்பார்கள். பின்சுவரின் அடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கும். மெல்லிய காகிதப் பட்டையொன்றைக் கண்ணாடிக் கதவின் விளிம்பில் ஒட்டிப் பாருங்கள்: அது உள்நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும். தொங்கினாலோ வெளியே படபடத்தாலோ அந்த ஹூட் வெறும் அலமாரி. விசிறிச் சத்தம் கேட்கிறது என்பதை வைத்து அது வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். விசிறி ஓடும், மாடியில் குழாய் உடைந்திருக்கும். முகப்பில் காற்றின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை கருவி வைத்து அளந்து, தேதியை ஹூட்டின் மேல் ஒட்டுங்கள்.

4. காத்திருக்க முடியாதவற்றை அன்றே முடியுங்கள்

நடக்கும்போதே சில விஷயங்கள் கண்ணில் படும். குழு, கோப்பு என்று போகாமல் முதல் படியில் வாங்கிய அதிகாரத்தைக் கொண்டு அன்றே சரிசெய்ய வேண்டியவை இவை.

பூட்டிய அவசர வழி. இதில் மகளிர் விடுதிகளின் கிரில் கதவு முதலிடம் பெறுகிறது. இரவு 9 மணிக்கு வெளிப்பூட்டுப் போட்டு, ஒரே சாவியை ஒருவர் வைத்திருக்கும் விடுதிகள் இன்றும் உண்டு. தீப்பிடித்தால் நூற்றுக்கணக்கான பெண்களின் உயிர் அந்த ஒரு சாவியில் தொங்குகிறது. உள்ளிருந்து தள்ளினால் திறந்து, அலாரமும் அடிக்கும் கதவு வைத்தால் காப்பாளரின் கவலையும் தீரும், வழியும் அடைபடாது. கதவு வரும்வரை ஒவ்வொரு தளத்திலும் ஒரு சாவி, கண்ணாடிப் பெட்டிக்குள்.

நிமிர்ந்து நிற்கும், கட்டாத சிலிண்டர்கள். சங்கிலியும் சுவர்க் கொக்கியும் ஓரிரு நாளில் பொருத்திவிடலாம்.

உணவுப் பொருளும் ரசாயனமும் ஒன்றாக இருக்கும் குளிர்பதனப் பெட்டி. உணவை வெளியேற்றினால் மட்டும் போதாது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் விளக்கு சுவிட்சும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் பொறி தரக்கூடியவை. ஈதர் போன்ற எளிதில் தீப்பிடிக்கும் திரவத்தின் ஆவி உள்ளே தேங்கினால் பெட்டியே வெடிக்கும். அவற்றை அதற்கென்று செய்த பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

தனியாக இரவு வேலை. அபாயகரமான வினைகளுக்கும் பணிமனை இயந்திரங்களுக்கும் இரண்டாவது ஆள் கட்டாயம் என்று அன்றே சுற்றறிக்கை விடுங்கள். கணினியில் எழுதுவதற்கும் படிப்பதற்கும் இதைப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் தடை போட்டால் எதையும் மதிக்க மாட்டார்கள்.

5. இடர் மதிப்பீடு: அறைவாரியாக அல்ல, வேலைவாரியாக

“அறை எண் 214, இடர்: ரசாயனம், நடவடிக்கை: கவனம்” என்று நிரப்பிய படிவங்கள் நிறைய உண்டு. அவற்றால் ஒரு பயனும் இல்லை. அறையில் ஆபத்து இல்லை, அங்கே நடக்கும் வேலையில் இருக்கிறது. “சோடியம் கொண்டு டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானை உலர்த்தி வடித்தல்” என்பது ஒரு வேலை. “கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தில் கழுவுதல்” இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போதும்: என்ன தவறாகப் போகலாம், யாருக்குப் படும், இப்போது என்ன தடுப்பு இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்.

அந்த வேலையைக் கையால் செய்பவரே முதல் வரைவை எழுத வேண்டும், ஆய்வுக்குழுத் தலைவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். தலைகீழாகச் செய்தால் செய்முறையில் எழுதியிருப்பது மதிப்பிடப்படும், உண்மையில் நடப்பது விடுபடும்.

தடுப்புகளை யோசிக்கும்போது இந்த வரிசையில் போங்கள்: அந்த வேலையே தேவையா, குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாறலாமா, ஆளுக்கும் ஆபத்துக்கும் இடையே கருவியால் தடுப்பு வைக்கலாமா, செய்முறையை மாற்றலாமா, கடைசியாகக் கையுறையும் கண்ணாடியும். புதியவர்கள் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். கையுறை வாங்குவது சுலபம், ஆனால் எந்தக் கையுறையும் எல்லாவற்றையும் தடுக்காது. 1996இல் டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் கையுறை மீது டைமெத்தில் மெர்க்குரி சில துளிகள் சிந்தின. அது லேடெக்ஸ் கையுறையை ஊடுருவி உடலுக்குள் போனது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். எந்த ரசாயனத்துக்கு எந்தக் கையுறை என்ற அட்டவணையைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கி ஆய்வகச் சுவரில் மாட்டுங்கள்.

அளவு கூடும்போது மதிப்பீட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். 2010 ஜனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் வெடிக்கும் தன்மையுள்ள நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட்டை 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்று வாய்மொழியாக ஒரு வரம்பு இருந்தது. மாணவர்கள் சுமார் 10 கிராம் தயாரித்தார்கள். வெடிப்பில் ஒரு மாணவர் மூன்று விரல்களை இழந்தார். அந்த வரம்பு எழுத்தில் இல்லை. எந்த வினைக்கும் “இந்த அளவுக்கு மேல் போனால் மறுபடி அனுமதி” என்ற ஒரு வரி படிவத்தில் இருக்க வேண்டும்.

நடக்கும் வாய்ப்புக்கு ஐந்து வரை, பாதிப்புக்கு ஐந்து வரை என்று மதிப்பெண் போட்டு இரண்டையும் பெருக்கும் முறை பரவலாக இருக்கிறது. அதை முன்னுரிமைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மதிப்பெண் 12ஆ 15ஆ என்று கூட்டத்தில் அரைமணி நேரம் வாதிடும் நேரத்தில் அந்தச் சிலிண்டருக்குச் சங்கிலி கட்டிவிடலாம்.

6. ரசாயனக் கிடங்கு

இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். அறிவியல் துறைகளில் பல ஆண்டுகளின் அலட்சியம் சேர்ந்து கிடப்பது இங்கேதான்.

முதல் வேலை, புட்டி புட்டியாகக் கணக்கெடுப்பது. இருப்புப் பதிவேட்டை நம்பாதீர்கள், அதில் வாங்கியது இருக்கும், தீர்ந்தது இருக்காது. பெயர், அளவு, வாங்கிய ஆண்டு, திறந்த தேதி, புட்டியின் நிலை என்று ஐந்து பத்திகள் போதும். இரண்டு பேராகச் செய்யுங்கள்: ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத. மேல்தட்டில் இருப்பதை எட்டி எடுக்காதீர்கள்.

கணக்கெடுப்பில் தொடக்கூடாதவை சில எதிர்ப்படும். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் படிந்த பழைய ஈதர் புட்டி அவற்றில் முக்கியமானது. ஈதரும் டெட்ராஹைட்ரோஃபியூரானும் காற்றுப்பட்டு நாளாக ஆகப் பெராக்சைடாக மாறும். மூடியைத் திருகும் உராய்வே வெடிக்கப் போதும். அப்படிக் கண்டால் அறையை மூடி, தகவல் எழுதி ஒட்டி, வெடிபொருள் கையாளத் தெரிந்தவர்களை அழையுங்கள். உலர்ந்துபோன பிக்ரிக் அமிலத்துக்கும் இதே நடைமுறைதான். நல்ல நிலையில் உள்ள ஈதர் புட்டிகளில் திறந்த தேதியை எழுதி, ஆறு மாதத்துக்குள் பெராக்சைடு சோதனைத் தாளால் பாருங்கள்.

இரண்டாவது வேலை, பிரித்து வைப்பது. ஆங்கில அகர வரிசையில் அடுக்குவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. தேடுவதற்கு வசதி என்பார்கள். அந்த வரிசையில் ஹைட்ரசீனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வரும். அடர்ந்த நிலையில் அவை இரண்டும் கலந்தால் தீப்பொறியே தேவையில்லை, தானாகவே பற்றும். ஏவூர்திகளில் அந்தக் கலவையை எரிபொருளாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே முதலில் குணத்தால் பிரியுங்கள்: எரியும் திரவங்கள், ஆக்சிஜனேற்றிகள் (மற்றப் பொருளை எரியத் தூண்டுபவை), அமிலங்கள், காரங்கள், தண்ணீரோடு வினைபுரிபவை, கொடிய நஞ்சுகள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் அகர வரிசை இருக்கட்டும். நைட்ரிக் அமிலம் அமிலம்தானே என்று அசிட்டிக் அமிலத்தோடு வைக்காதீர்கள். முன்னது ஆக்சிஜனேற்றி, பின்னது எரியும் பொருள். நைட்ரிக்குக்குத் தனித் தட்டு, தனித் தாம்பாளம்.

திரவங்கள் கண்மட்டத்துக்குக் கீழே, கசிவைத் தாங்கும் தாம்பாளத்தில். காரணம் எளிது: உயரத்திலிருந்து நழுவும் புட்டி முகத்தில் விழும்.

மூன்றாவது வேலை, எஸ்டிஎஸ் என்னும் பாதுகாப்புத் தரவுத் தாள்கள். ஒவ்வொன்றிலும் 16 பகுதிகள் உண்டு. அச்சிட்டுக் கோப்பில் அடுக்கி அலமாரியில் பூட்டுவதில் பயனில்லை. வேலைக்கு முன் நான்கு பகுதிகளைப் படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்: 4இல் முதலுதவி, 7இல் கையாளுதலும் சேமிப்பும், 8இல் காப்புக் கருவிகள், 10இல் எதனோடு சேரக்கூடாது என்பது.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீர்த்த நிலையில் அது தோலில் பட்டதும் வலிக்காமலும் இருக்கலாம். பல மணி நேரம் கழித்து எலும்புவரை போய்விடும், ரத்தத்தின் கால்சியத்தைப் பறித்து இதயத்தை நிறுத்தக்கூடும். அதை வைத்திருக்கும் எந்த ஆய்வகத்திலும் 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, காலாவதியாகாமல், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். களிம்பு இல்லையென்றால் அமிலத்தைக் கிடங்கில் பூட்டுங்கள். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

7. கழிவு

தொட்டியில் ஊற்றித் தண்ணீர் விடுவது பழக்கம். இதை நிறுத்த வேண்டுமானால் மாற்று வழி முதலில் தயாராக இருக்க வேண்டும். தடையை அறிவித்துவிட்டுக் கலன் கொடுக்காவிட்டால் இரவில் ஊற்றுவார்கள்.

ஹாலஜன் (குளோரின் போன்றவை) கலந்த கரைப்பான், அது கலக்காத கரைப்பான், அமிலம், காரம், கன உலோகக் கரைசல், உடைந்த கண்ணாடி என்று தனித்தனிக் கலன்கள் கொடுங்கள். நைட்ரிக் அமிலக் கழிவைக் கரைப்பான் கழிவோடு சேர்த்து மூடியை இறுக்கினால், சில மணி நேரத்தில் வாயு சேர்ந்து புட்டி சிதறும். ஆய்வகங்களில் மீண்டும் மீண்டும் நடக்கும் விபத்து இது. கழிவுப் புட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், காற்று வெளியேறும் மூடியைப் பயன்படுத்துங்கள்.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பொதுவாக 90 நாட்களுக்கு மேல் இருப்பு வைக்கக்கூடாது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரமும் வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இதற்கான பொது நிலையம் இருக்கிறது. விண்ணப்பித்து உறுப்பினராவதற்கு நாள் பிடிக்கும் என்பதால் கணக்கெடுப்பு நடக்கும்போதே எழுதிப் போடுங்கள்.

8. சிலிண்டர்களும் திரவ நைட்ரஜனும்

சிலிண்டரை உருட்டாதீர்கள், தள்ளுவண்டியில் கட்டிக் கொண்டுபோங்கள். மூடி மாட்டாமல் நகர்த்தவே கூடாது. வால்வு உடைந்தால் சிலிண்டரே சுவரைத் துளைத்துக்கொண்டு பாயும். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. எரியும் வாயுக்களின் மரை இடப்பக்கமாகத் திரும்பும்: மாற்றி மாட்டாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. “பொருந்தவில்லை” என்று அடாப்டர் தேடுபவரைக் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

வாயுக் கசிவு உணரியை எங்கே மாட்டுவது என்பதிலும் தவறுகிறார்கள். ஹைட்ரஜன் மேலே போகும், ஆகவே கூரையருகே. உணவுக்கூடத்தின் எல்பிஜி கீழே தேங்கும், ஆகவே தரையருகே.

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. மூடிய சிறு அறையில் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் மயக்கம் வரும். மின்தூக்கியில் கலனை மட்டும் ஏற்றி அனுப்புங்கள், ஒருவர் கீழே, ஒருவர் மேலே. உள்ளே ஆள் ஏறக்கூடாது.

9. ஆய்வகத்துக்கு வெளியே

பேராசிரியர்கள் பொறுப்பேற்கும்போது இந்தப் பகுதி விடுபடுகிறது. உயிர் போகும் வாய்ப்பு இங்கேதான் அதிகம் என்பது என் கருத்து.

கழிவுநீர்த் தொட்டி. விடுதியின் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் ஆளை இறக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடிக்கும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பி இறங்குபவர் ஓரிரு மூச்சில் சாய்வார். காப்பாற்றக் குதிப்பவரும் சாய்வார். எந்தக் காரணத்துக்காகவும் எவரையும் இறக்கக்கூடாது என்று துப்புரவு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கழிவுநீர் லாரியின் தொலைபேசி எண்ணை விடுதிக் காப்பாளரிடம் கொடுங்கள். மூடிகளைப் பூட்டி, சாவியைப் பொறியியல் பிரிவில் வையுங்கள். அடைப்பு எடுப்பதற்கு மட்டுமல்ல, கீழே விழுந்த கைப்பேசியை எடுப்பதற்கும் இந்தத் தடை பொருந்தும்.

மின்சாரம். ஈரம் புழங்கும் இடங்களில், அதாவது உணவுக்கூடம், ஆய்வகத் தொட்டி, நீரேற்று அறை ஆகியவற்றில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்துங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தாமல் விட்டால் தேவைப்படும் நாளில் அது மின்சாரத்தைத் துண்டிக்காமல் போகலாம்.

உணவுக்கூடம். கிரைண்டர் ஓடும்போது மாவைக் கையால் தள்ளுவது, கொதிக்கும் சாம்பார் அண்டாவை ஈரத் தரையில் இருவர் தூக்கிப்போவது ஆகிய இரண்டும்தான் பெரும்பாலான காயங்களுக்குக் காரணம். முன்னதற்குக் கம்பித் தடுப்பும் மரக்கரண்டியும், பின்னதற்குச் சக்கரவண்டி. பயிற்சி கொடுத்து இவற்றைத் தீர்க்க முடியாது, பொருள் வாங்கித்தான் தீர்க்க முடியும்.

வெயில். ஏப்ரல், மே மாதங்களில் தோட்டப் பணியையும் மாடி வேலையையும் காலை 6 மணிக்குத் தொடங்கி 10.30க்குள் முடியுங்கள்.

10. பயிற்சி

இப்போதுதான் பயிற்சியின் முறை. பொதுவான உரை வேண்டாம். வேலை நடக்கும் இடத்தில், அந்த வேலைக்கு மட்டும், அரைமணி நேரம். தூய்மைப் பணியாளர்களுக்குத் தமிழில், சின்னங்களைக் காட்டி. வட மாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் மொழியில் பேசுபவரை வைத்து. கேட்டார்களா என்று கையொப்பம் வாங்குவதைவிட, செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.

தீயணைப்பானை ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கையால் இயக்க வேண்டும். மின்கருவித் தீக்குக் கரியமில வாயு, சோடியம் போன்ற உலோகத் தீக்கு உலர்ந்த மணல். தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும் என்பதைச் சொல்லிக்கொண்டே மணல்வாளி எங்கே என்று கேளுங்கள். பலருக்குத் தெரியாது.

11. அவசர நேரம்

கண்கழுவியைச் சோதிப்பது எப்படி என்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ரசாயனம் பட்ட கண்ணை 15 நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும். மே மாத மதியம் 2 மணிக்கு அந்தக் குழாயைத் திறந்து உங்கள் கையை 15 நிமிடம் பிடித்துப் பாருங்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வெயிலில் கிடக்கும் குழாய் வழியே வரும் தண்ணீர் கொதிக்கும். கையே தாங்காதபோது கண் எப்படித் தாங்கும்? குழாயை நிழல்பக்கமாக மாற்றி, மேலே காப்பு சுற்றுங்கள். வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் துருவும் பாசியும் சேராது.

108க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வாயிலுக்கு வந்துவிடும். வாயிலிலிருந்து கட்டடத்தைத் தேடுவதில்தான் நேரம் போகும். கட்டடங்களுக்குப் பெரிய எண் எழுதுங்கள். அழைப்பவர் முதலில் 108க்கும் அடுத்து வாயில் காவலருக்கும் சொல்ல வேண்டும், காவலரில் ஒருவர் வண்டியில் ஏறி வழிகாட்ட வேண்டும். விபத்தில் பட்ட ரசாயனத்தின் எஸ்டிஎஸ் நகலை நோயாளியோடு அனுப்புங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. தீக்காயப் பிரிவு உள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது என்று முன்பே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

12. மயிரிழையில் தப்பியவற்றைப் பதிவு செய்யுங்கள்

காயமோ சேதமோ ஆகாமல் தப்பிய சம்பவங்களை எழுத ஒரு படிவமும் அதைப் போட ஒரு பெட்டியும் வையுங்கள். படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. பெயர் எழுதுவது விருப்பத்துக்கு விட வேண்டும். “யார் தவறு?” என்ற கேள்வியே அதில் வேண்டாம். முதல் ஆறு மாதத்தில் ஒரு மாணவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டால் பிறகு எந்தத் தகவலும் வராது. இதைத் துறைத்தலைவர்களிடம் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள்.

தகவல் கொடுத்தவருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் போக வேண்டும், “பணம் இல்லை, அடுத்த நிதியாண்டில் செய்வோம்” என்ற பதிலானாலும் சரி. பதில் வராத பெட்டியில் யாரும் இரண்டாவது முறை போட மாட்டார்கள்.

குழுக் கூட்டம் காலாண்டுக்கு ஒன்று போதும். அதில் ஆய்வக உதவியாளர், ஆராய்ச்சி மாணவர், தூய்மைப் பணியாளர் தலா ஒருவர் உறுப்பினராக இருக்கட்டும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே பதவியும் தேதியும் இல்லாமல் நடவடிக்கைக் குறிப்பில் கையொப்பமிடாதீர்கள்.

13. போகிறவரிடம் கணக்கு வாங்குங்கள்

ஓய்வுபெறும் பேராசிரியர் விட்டுச்செல்லும் அலமாரியே அடுத்த தலைமுறைக்கு ஆபத்தாகிறது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி 2010இல் பழைய இரும்பாக ஏலம் விடப்பட்டது. டெல்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதை உடைத்தவர்களுக்குக் கதிர்வீச்சுப் பட்டு, ஒருவர் இறந்தார். அந்தக் கருவி என்னவென்று தெரிந்தவர்கள் துறையில் இல்லாத காலத்தில் அது விற்கப்பட்டது.

அதனால் நிலுவையின்மைச் சான்றில் ஒரு வரி சேருங்கள்: “ஆய்வகப் பொருட்கள் ஒப்படைக்கப்பட்டன”. நூலகத்துக்கும் விடுதிக்கும் இருக்கும் அதே சான்று. பேராசிரியருக்கு ஓய்வூதியக் கோப்பு நகர்வதற்கு முன்பும், ஆராய்ச்சி மாணவருக்கு வாய்மொழித் தேர்வுக்கு முன்பும் அந்தக் கையொப்பம் கட்டாயமாக இருக்கட்டும். புட்டி ஒவ்வொன்றும் யாருக்கு மாற்றப்பட்டது அல்லது கழிவுக்குப் போனது என்ற பட்டியலை, பெறுபவர் கையொப்பத்தோடு, சான்றுடன் இணைக்க வேண்டும். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள். கடைசி வாரத்தில் எவராலும் முப்பதாண்டுச் சேமிப்பைக் கணக்கெடுக்க முடியாது. கதிரியக்கப் பொருளோ எக்ஸ்ரே கருவியோ இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் அது அறையை விட்டே நகரக்கூடாது. ஏலப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகத்துக்கும் இதை எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.